பென்சிலில் எழுதிய பாறை

துளைக்குழாயிலிருந்து வந்த மண்ணில் ஒரு சிட்டிகை கிள்ளி, முன்பல்லில் வைத்துக் கடிக்கிறார் மேடம். நறநறத்தால் வண்டல், வழுக்கினால் களி. துப்பிவிட்டு, ‘களி’ என்று ஏட்டில் எழுதுகிறார். துளை போடும் ஆட்கள் இவருக்கு வைத்திருக்கும் பெயர் மண்தின்னி. வீட்டிலோ, “வாய் கொப்புளிச்சாத்தான் முத்தம்” என்று ஆறு வயது மகள் சட்டமே போட்டுவிட்டாள்.

நிலத்தைத் துளைக்கும்போது எந்த ஆழத்தில் என்ன வருகிறது என்று பதிவதுதான் வேலை. பிசைவார், உருட்டுவார், முகர்வார். பேனாவைத் தொடமாட்டார். “உள்ள இருக்கிறது பூமிக்கே வெளிச்சம். அதைப் பேனாவுல எழுத நான் யாரு?” காதில் செருகிய பென்சிலைத் தினமும் நாலு முறை கைப்பையில் தேடுவார்.

அன்று பதினோராவது மீட்டரில் இயந்திரம் கத்தியது. உருளை உருளையாகக் கல் வந்தது. இயந்திரக்காரருக்கு வாயெல்லாம் பல். காலையில்தான் அவருக்குப் பேத்தி பிறந்திருந்தாள். பார்க்கப் போக ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

“பாறை வந்தாச்சு மேடம். எழுதுங்க, மூட்டையைக் கட்டலாம்.”

‘பாறை’ என்று எழுதினார் மேடம். பக்கத்திலேயே ஒரு கேள்விக்குறியும் போட்டார்.

“அந்தக் கொக்கி எதுக்கு?”

“பாறைன்னா மேல கொஞ்சமாவது மக்கிப்போய் வரும் அண்ணே. இங்க களி முடிஞ்ச கையோட புதுக் கல்லு. நடுவுல மாட்டின ஒத்தக் கல்லா இருந்தா? மேல அஞ்சு மாடி ஆஸ்பத்திரி வரப்போகுது. இன்னும் மூணு மீட்டர் போங்க.”

“அதுக்குள்ள என் பேத்தி காலேஜுக்கே போயிடுவா!”

மேடத்துக்கு உதவியாளாக நின்ற எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. மனுஷன் பேத்தியைப் பார்க்கத் துடிக்கிறார், இந்த அம்மாள் கல்லோடு மல்லுக்கட்டுகிறாரே என்று.

முணுமுணுத்துக்கொண்டே இயந்திரத்தை ஓட்டினார் அவர். ஒன்றரை மீட்டர் போயிருக்கும். இரைச்சல் சட்டென்று அடங்கியது. கம்பி தானாகவே சறுக்கி இறங்கியது. மேலே எடுத்துப் பார்த்தால், கல்லுக்கு அடியில் மறுபடியும் மண்.

இயந்திரக்காரர் குனிந்தார். ஒரு சிட்டிகை கிள்ளித் தன் முன்பல்லில் வைத்துக் கடித்தார்.

“களிதான் மேடம்.”

“மிச்சத்தை நாளைக்குப் பாப்போம் அண்ணே. பஸ்ஸைப் பிடிங்க.”

வலக்கை ரப்பரால் ‘பாறை’யை அழித்துக்கொண்டிருக்க, இடக்கையால் தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினார்.