‘பரவாயில்லைங்க’ என்றவள்

லூர்துமேரி இறந்த செய்தியை அவளுடைய தம்பி சேவியர் போனில் சொன்னபோது நான் திண்டிவனம் பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். “அக்கா போய்ட்டாங்கக்கா. விழுப்புரத்துல, ஆஸ்பத்திரி சேர்ல உக்காந்துக்கினு இருந்தவங்க அப்படியே போய்ட்டாங்க” என்றான். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இதை எழுதும்போதும் அது தணியவில்லை.

அவளோடு வேலை பார்த்த உங்களுக்கு அவளைத் தெரியும். நம் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் அவளும் நானும் ஒன்றாகச் சேர்ந்த செவிலியர்கள். வாடி, போடி என்று பேசிக்கொண்டவர்கள். போய்விட்டாள் என்பதற்காக இன்று திடீரென்று ‘அவர்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

பைபாஸில் கால் முறிந்த ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டமே கத்தியபடி உள்ளே வந்த காலை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினோம். லூர்து மட்டும் நாற்காலிகளின் பக்கம் போனாள். ஓமந்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் முந்தானையை நெஞ்சோடு பிடித்தபடி ஓரமாக உட்கார்ந்திருந்தார். “பரவாயில்லைங்க, அவரப் பாருங்க மொதல்ல” என்றார். லூர்து கேட்டாள்: “இன்னா வேலைய வுட்டுட்டு வந்தீங்க?”

“கொல்லையில மல்லாட்டைச் செடி புடுங்கிக்கினு இருந்தேங்க. முடியல, பாதியில வந்துட்டேன்.”

அடுத்த நிமிடம் அவர் ஸ்ட்ரெச்சரில் இருந்தார். ஈ.சி.ஜி. எடுத்தால், மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார். “கத்தறவனுக்கு மூச்சு இருக்குதுடி. பரவாயில்லைங்கறவங்களைத்தான் ஜல்தியா பாக்கணும். கூலிக்குப் போற பொம்பள பாதியில கைய ஒதறிட்டு வந்தா அது லேசான வலியா?” என்று பிறகு என்னிடம் சொன்னாள். அன்றிலிருந்து எங்கள் பிரிவில் யாரையும் வெறுமனே “உக்காருங்க” என்று சொல்லிவிட்டுப் போக அவள் விட்டதில்லை.

இதற்கு அவளுக்குக் கிடைத்த மரியாதையையும் சொல்ல வேண்டும். உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் முழங்கால் சிராய்த்த மச்சானை அழைத்துவந்து வரிசையைத் தாண்டப் பார்த்தார். “அண்ணே, உங்க மச்சான் நிக்கறாரு, நடக்கறாரு, என்னையும் திட்டறாரு. நல்லாத்தான் இருக்காரு, வெயிட் பண்ணட்டும்” என்றாள். அந்த வாரமே அவளை வேறு வார்டுக்குத் தூக்கி அடித்தார்கள். நாங்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம்.

விழுப்புரத்தில் நடந்ததைச் சேவியர் சொன்னான். ‘லேசா நெஞ்சு பாரமா இருக்குது’ என்று போனவளிடம் பெயரைக் கேட்டு, உட்காரச் சொன்னார்கள். பக்கத்தில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. “பரவாயில்லைம்மா, கொழந்தையப் பாருங்க” என்றாள் இவள். பிறகு காரில் வந்தவர்கள் நேராக உள்ளே போனார்கள். சேவியர் போய்க் கேட்டபோதெல்லாம் கூப்பிடுவார்கள் என்றார்கள். கூப்பிட்டபோது அவள் எழுந்திருக்கவில்லை. “பேஷண்ட் ஒண்ணும் சொல்லலீங்களே” என்றாராம் அங்கிருந்த மேலாளர். நெஞ்சு பாரம் என்று சொன்னாளே! இன்னும் எப்படிச் சொல்ல வேண்டும்? மேசையைத் தட்டிக் கத்துகிறவனுக்குத்தான் வைத்தியம் என்றால், அதை வாசலிலேயே எழுதி வையுங்கள். தெரிந்துகொண்டாவது வருவோம்.

வானூர் பக்கத்தில் இருக்கும் அவள் ஊரில், அடக்கத்தின்போது, ‘அமைதியாகப் போய்விட்டாள்’ என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் அமைதியாகப் போகவில்லை. காக்க வைக்கப்பட்டுப் போனாள்.

லூர்து, உன் மேலும் எனக்குக் கோபம்தான். ‘பரவாயில்லை’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று எங்களுக்கெல்லாம் புரியவைத்தவள் நீ. அதையே நீயும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாயே!

தண்ணீர் குடிக்க அவள் வீட்டு அடுப்படிக்குள் போனேன். அடுப்பின் மேல் பாதி கிண்டிய கேப்பைக் களி அப்படியே இறுகிக் கிடந்தது. துடுப்பு அதற்குள் குத்தி நின்றது. எடுத்த வேலையைப் பாதியில் விடாதவள் அவள்.

நான் இன்னும் அதே பிரிவில்தான் இருக்கிறேன். பணிக்கு வந்ததும் முதலில் நாற்காலிகளின் பக்கம்தான் போகிறேன். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ‘இன்னா வேலைய வுட்டுட்டு வந்தீங்க?’ என்ற அந்த ஒரு கேள்விதான். விழுப்புரத்தில் அதை அவளிடம் ஒருவர் கேட்டிருந்தால், “களி கிண்டிக்கினு இருந்தேம்மா, பாதியில வந்துட்டேன்” என்று சொல்லியிருப்பாள்.