காயம் இல்லாத மனிதரின் சுயசரிதை

அலுவலகத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘சந்தேகம்’. முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். தெரிந்து உள்ளூரப் பூரித்தும் இருந்தார். காப்பீட்டு நிறுவனத்தில், விபத்துக்கு இழப்பீடு கேட்டு வருகிறவர்களை விசாரிக்கும் நாற்காலி அவருடையது. காலில் மாவுக்கட்டோடு ஒருவர் நொண்டி நொண்டி வந்து உட்கார்ந்தால், தண்ணீர் வேண்டுமா என்று கேட்கமாட்டார். “விழுந்தப்ப பக்கத்துல யார் இருந்தாங்க?” என்று கேட்பார். அடுத்து, “டாக்டர் சீட்டு?” அதன் பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த மாவுக்கட்டையே உற்றுப் பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் வந்தவருக்கே தன் கால் உடைந்ததா இல்லையா என்று குழப்பம் வந்துவிடும்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஐம்பது வயதுக்கு மேல் எழுத்தாளர் ஆகும் ஆசை வந்தது. யாரை நொந்துகொள்வது? நூலக மாடியில் சனிக்கிழமை மாலைகளில் ஓர் ஆசிரியை சுயசரிதை எழுதக் கற்றுக்கொடுத்தார். சந்தேகம் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். ‘என் பொழுதுபோக்குகள்’ என்று ஓர் அத்தியாயத்தை எழுதி முடித்துவிட்டுத்தான் வகுப்பிலேயே சேர்ந்திருந்தார். மவுத் ஆர்கன், நீச்சல், தபால்தலை, சதுரங்கம், ஓவியம் என்று பையனாக இருந்தபோது அவர் கைவைக்காத கலை இல்லை. அத்தனையையும் ஒன்றுவிடாமல் எழுதியிருந்தார். படித்தும் காட்டினார். வகுப்பு மரியாதையாகக் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டது.

ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இதுல உங்களுக்கு எங்க வலிச்சுது?”

சந்தேகம் தாள்களைப் புரட்டி வலியைத் தேடினார். அவருக்கு அடுத்துப் படித்த தையல்காரர், குடித்துவிட்டு வந்து வீட்டைச் சூறையாடிய அப்பாவைப் பற்றிப் படித்தார். அதற்கடுத்த செவிலி, வீடு தீப்பிடித்து எரிந்ததைப் படித்தார். வகுப்பே மூக்கை உறிஞ்சியது. சந்தேகத்துக்கு வயிறு எரிந்தது. வகுப்பு முடியும்போது நான்கு கட்டுரைகளை மட்டும் பொறுக்கிப் புத்தகமாகப் போடப்போகிறார்களாம். தீப்பிடித்த வீட்டுக்கு முன்னால் மவுத் ஆர்கன் எடுபடுமா? எப்படியாவது ஒரு காயத்தைக் கண்டுபிடித்தே தீருவது என்று மனிதர் முடிவு கட்டினார்.

தனக்குத் தெரிந்த முறையில்தான் தேடினார். முதலில் உடம்பு. கண்ணாடி முன்னால் சட்டையைக் கழற்றி, கையைத் தூக்கி, முழங்காலை மடக்கித் தழும்பு தேடினார். முழங்காலில் ஒன்றே ஒன்று இருந்தது. சக்கரக் காலணி மாட்டிச் சறுக்கி விளையாடியபோது விழுந்தது. அதற்கும் அன்றைக்கே ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

“என்ன தேடுறீங்க?” என்றார் மனைவி.

“காயம்.”

“அதுக்கு ஏன் இந்தப் பாடு? சமையலறைக்கு வாங்க, என் கையில நிறைய இருக்கு, காட்டறேன்.”

இதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. அடுத்த கட்டம், சாட்சி விசாரணை. அப்பா அம்மா போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது அக்கா ஒருத்திதான். இரண்டு தெரு தள்ளிச் சலவைக்கடை வைத்திருந்தாள். ஞாயிறுதோறும் சந்தேகம் அழுக்குச் சட்டைகளைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, முந்தின வாரச் சட்டைகளை மடிப்புக் கலையாமல் வாங்கி வருவார். மற்றவர்களுக்கு எண் போட்ட சீட்டு உண்டு. தம்பிக்குச் சீட்டு கிடையாது. ஒரு முக்காலியும் தேநீரும் உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா காலர் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடை முழுக்க நீராவி. அந்த வேக்காட்டிலும் வழக்கம்போல முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுவரை பொத்தான். அக்காவுக்கு அப்படி ஒரு ரசனை என்றுதான் இத்தனை காலமும் அவர் நினைத்திருந்தார்.

“அக்கா, அப்பா என்னை அடிச்சிருக்காரா?”

“உன்னையா? உன்னைத் திட்டிட்டாலே அன்னிக்கு அவருக்குச் சோறு இறங்காது.”

“பட்டினி கிடந்திருக்கேனா?”

“நீயா!” அக்கா சிரித்தேவிட்டாள். “ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவே.”

“இருட்டுல பூட்டி வச்சாங்க, அந்த மாதிரி எதுவும்...?”

“விளக்கு எரிஞ்சாத்தான் தூங்குவேன்னு அடம்பிடிச்சே. எரிஞ்சுது. உனக்கு என்னடா ஆச்சு இன்னைக்கு?”

சந்தேகத்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது. “அப்ப நம்ம வீட்ல கஷ்டமே இருந்ததில்லையா?” என்றார், கடைக்காரர் சரக்கு தீர்ந்துவிட்டது என்று சொன்னதுபோல முகத்தை வைத்துக்கொண்டு.

இஸ்திரிப் பெட்டி நின்றது. “நம்ம வீட்ல இல்லேன்னு யார் சொன்னா? உனக்கு இல்ல. அவ்வளவுதான்.”

அப்புறம் அக்கா சொன்னாள். குரலை உயர்த்தாமல், அடுத்த சட்டையை உதறி விரித்துக்கொண்டே சொன்னாள். அப்பாவுக்கு வேலை போன வருஷம் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். நீராவியில் விரிப்புகளைத் தேய்க்கும் பெரிய இயந்திரம் ஒருநாள் அவள் கைமேல் மூடிக்கொண்டது. “வீட்டுக்கு வந்தேன். அம்மா துணியைச் சுத்திட்டு, ‘தம்பிக்குத் தெரிய வேண்டாம், பயந்துடுவான்’னா. உனக்கு எதுவும் நிக்கல. நீச்சலும் நிக்கல, மவுத் ஆர்கன் வாத்தியாரும் நிக்கல.”

யாருக்கும் காட்டாததை அன்றைக்கு அவருக்குக் காட்டினாள். பொத்தானைக் கழற்றிச் சட்டைக்கையை முழங்கைவரை சுருட்டினாள். தோல் கசங்கிய துணிபோல இறுகிப்போய்க் கிடந்தது.

ஒரு தம்பி அப்போது என்னென்னவோ செய்திருக்கலாம். அந்தக் கையைப் பிடித்திருக்கலாம். ஒன்றும் தோன்றாவிட்டால் அழுதாவது தொலைத்திருக்கலாம். சந்தேகம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தழும்பையே பார்த்தார். பழகிய வாய் பழகியதைத்தான் கேட்டது.

“அப்ப பக்கத்துல யார் இருந்தாங்க? டாக்டர் சீட்டு ஏதாவது வச்சிருக்கியா?”

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். சட்டைக்கையை இறக்கிப் பொத்தானைப் போட்டாள்.

“வீட்டுல அம்மா இருந்தா. செத்துட்டா. இன்னொருத்தன் இருந்தான். கதவுக்கு அந்தப் பக்கம் மவுத் ஆர்கன் வாசிச்சிட்டிருந்தான்.”

அன்றைக்குத் தேநீர் வரவில்லை. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. காயம் கிடைத்துவிட்டதே! தலைகால் புரியாமல் வீட்டுக்கு ஓடி, மனைவி கூப்பிட்டதும் கேட்காமல் உட்கார்ந்து எழுதினார். அக்காவின் கையை இரண்டு வரியில் முடித்தார். மீதி முழுக்க, சின்ன வயதிலேயே கேட்டதாக வைத்து, அந்தச் சேதி தன் பிஞ்சு நெஞ்சை எப்படிப் பொசுக்கியது என்று எழுதினார். அன்றோடு மவுத் ஆர்கனைத் தொடவே இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார். அதே வருஷம் அதே மவுத் ஆர்கனில் பள்ளியில் முதல் பரிசு வாங்கியதை முன்பு எழுதிய அத்தியாயத்திலிருந்து அடித்துவிட்டார். பிறர் கணக்கில் இப்படி ஒரு வரி இருந்தால் ஒரே நிமிஷத்தில் பிடித்துவிடக்கூடியவர் அவர்.

சனிக்கிழமை வகுப்பு அழுதது. செவிலியே அழுதார். ஆசிரியை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “இதுதான் சார், இதைத்தான் கேட்டேன்” என்றார். நான்கு கட்டுரைகளில் அவருடையது முதலாவது. சந்தேகத்துக்கு உச்சி குளிர்ந்தது.

மறுநாள் காலையிலேயே அந்த நல்ல சேதியோடு அக்கா கடைக்குப் போனார். கடையில் கூட்டம். அவர் வரிசையைப் பற்றிக் கவலைப்படாமல், எப்போதும்போல மேசைப் பக்கமாக நுழைந்தார். முக்காலியைக் காணோம்.

“அக்கா, நம்ம கதை புத்தகத்துல வருது! எல்லாரும் அழுதுட்டாங்க.”

“எந்தக் கதை?”

“உன் கை... அதைத்தான் எழுதினேன்.”

“என் கை வருதா அதுல?”

“வருது. ரெண்டு வரி.”

“மிச்சம்?”

“மிச்சம்... அதைக் கேட்டு நான் பட்ட பாடு.”

அக்கா ஒரு கோட்டு எடுத்து ஹேங்கரில் மாட்டினாள், கண்ணாடித் தாளால் மூடினாள், அதற்குரியவரிடம் சீட்டை வாங்கிக்கொண்டு கொடுத்து அனுப்பினாள். அவர் சட்டைகள் பின்னால் அலமாரியில் தேய்த்து மடித்துத் தயாராக இருப்பது அவருக்கே தெரிந்தது.

“சட்டையைக் கொடுக்கா, கிளம்பறேன்.”

“சீட்டு?”

“என்ன சீட்டு? எனக்கு என்னிக்கு நீ சீட்டு குடுத்திருக்கே?”

“சீட்டு இல்லாம துணி தர்றதில்ல, சார். இது உங்க சட்டைதான்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க போட்டப்ப பக்கத்துல யார் இருந்தாங்க?”

அவர் சிரிக்கப் பார்த்தார். அக்கா சிரிக்கவில்லை. பிறந்ததிலிருந்து அவரை ‘டா’ போட்டே கூப்பிட்ட வாய் அது. அந்த வாயிலிருந்து ‘சார்’ என்ற சொல் வந்து விழுந்த இடத்தில் அவருக்கு வலித்தது. எங்கே என்று ஆசிரியை இப்போது கேட்டிருந்தால் விரலை வைத்துக் காட்டியிருப்பார்.

“அக்கா...” என்றார்.

“கொஞ்சம் நகந்து நில்லுங்க சார், பின்னால ஆள் நிக்கறாங்க.”

ஆமாம், நின்றார்கள். நடந்ததற்குச் சாட்சி சொல்ல இந்தத் தடவை ஒரு வரிசையே இருந்தது.