குண்டுக்குக் கட்டிய கோவணம்

போன கிழமை லா கூர்னெவில் காருக்கு டயர் மாற்றக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். சக்கரம் ஆடாமல் ஓடுவதற்காக விளிம்பில் பொருத்துவார்களே, சின்னச் சின்ன எடைக்கட்டிகள், அதில் ஒன்றை மெக்கானிக் கை தவறிக் கீழே போட்டார். அது என் காலடிக்கு உருண்டு வந்தது. ஐம்பது வயதில் நான் இப்போதெல்லாம் எதற்கும் சட்டென்று குனிவதில்லை. குனிந்தால் நிமிர்வதற்குத் தனியாக யோசிக்க வேண்டும். ஆனாலும் குனிந்து எடுத்துப் பெருவிரல் நகத்தால் ஒரு அழுத்து அழுத்தினேன். நொந்தது நகம்தான். மெக்கானிக் என்னை ஒருமாதிரிப் பார்த்து, "அது இரும்பு, மிசியே" என்றார். ஈயம் வருவதில்லையா என்று கேட்டேன். அதைத் தடை செய்து எவ்வளவோ காலம் என்று சொல்லிக் கையை நீட்டினார். திருப்பிக் கொடுத்தேன்.

ஈயத்துக்கு மணம் கிடையாது என்று படித்தவர்கள் சொல்வார்கள். எனக்கு ஈயம் என்றால் மெழுகுதிரி மணம். உருக்கிய ஈயத்தில் அழுக்குப் பிரிவதற்கு ஒரு துண்டு மெழுகு போடுவது வழக்கம். போட்டதும் குபுக்கென்று புகை கிளம்பி ஒரு சின்னத் தேவாலயம் தீப்பிடித்த மாதிரி மணக்கும். நாங்கள் போட்டதும் உண்மையான தேவாலயத் திரிதான். அந்துவான் அண்ணை ஞாயிறு பூசை முடிந்து எரிந்து மிஞ்சிய அடித்துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருவார். "மாதாவுக்குத் தெரியும்யா, நாம வெறும் காயிதத்தைத்தான் சுடறோம்னு" என்பார்.

அந்துவான் அண்ணை பாண்டிச்சேரிக்காரர். பிரெஞ்சு இராணுவத்தில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்தவர். அவர்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்களாம். மார்க்ஸ் டோர்மோயில் நாங்கள் இருந்த கட்டிடத்தில் அவர் மூன்றாம் மாடி, நான் ஐந்தாம் மாடி, லிஃப்ட் இல்லை. ஆகையால் பழக்கம் முழுவதும் படிக்கட்டில்தான் நடந்தது. புறநகரில் ஒரு கிளப்பில் கைத்துவக்கால் குறி பார்த்துச் சுடுவது அவருடைய விளையாட்டு. லைசென்ஸ், இரும்புப் பெட்டகம், கிளப் அட்டை எல்லாம் முறைப்படி வைத்திருந்தார். குண்டுகளை மட்டும் தானே வார்த்துக்கொள்வார். கடைக் குண்டில் ருசியில்லை என்பது அவருடைய கட்சி. குண்டில் என்ன ருசி என்று நான் கேட்டதில்லை.

எனக்கு அதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நான் அப்போது லா கூர்னெவில் ஒரு டயர் கராஜில் வேலை செய்தேன். பழைய கார்களிலிருந்து கழற்றுகிற ஈயக் கட்டிகளை முதலாளி வாளியில் போட்டு வைப்பார். எடுத்துக்கொண்டு தொலையுங்கள் என்பார். கராஜுக்குப் பின்னால் ஒரு திறந்த முற்றம் இருந்தது. சனிக்கிழமை பின்னேரங்களில் கடையைப் பூட்டியதும், முதலாளியின் அனுமதியோடு அந்துவான் அண்ணை மின்சார உருக்குப் பாத்திரத்தையும் தோல் கையுறையையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். வந்ததும் கேட்பது ஒன்றுதான்: "என்னா மிசே, இந்த வாரம் ப்ளோம் எவ்ளோ?" ஐயா என்கிற மிசியே அவர் வாயில் மிசே, ஈயம் ப்ளோம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாவிட்டால் கதை விளங்காது. எனக்குக் கல்யாணம் முற்றாகிய காலம் அது. பெண் ஊரில், நான் இங்கே, பேச்சு முழுவதும் தொலைபேசியில். வதனி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். "துவக்கோடை சம்பந்தப்பட்ட ஆள் எண்டா எனக்கு வேண்டாம். இப்பவே சொல்லிப்போடுங்கோ." அவளுடைய அப்பா சண்டைக் காலத்தில் ஒருநாள் காலை கடைக்குப் போனவர், வழியில் துவக்குச் சன்னம் பட்டு விழுந்துவிட்டார். எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, யார் சுட்டது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. நான் நெஞ்சில் கை வைத்து, துவக்கை என் வாழ்க்கையில் தொட்டதே இல்லை என்று சொன்னேன். அது முழு உண்மை. குண்டு வார்ப்பதைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கெட்டிக்காரத்தனம் என்று அப்போது நினைத்தேன். வதனி வந்து சேர்ந்த பிறகு சனிக்கிழமைகளில் எனக்கு ஓவர்டைம் இருந்தது. அப்படித்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

ஓவர்டைமில் என் முதல் பொறுப்பு தரம் பிரிப்பது. கட்டிகளில் ஈயமும் இருக்கும், துத்தநாகமும் இருக்கும், பார்வைக்கு இரண்டும் சகோதரங்கள். குறட்டால் ஒரு கடி கடித்தால் ஈயம் விட்டுக்கொடுக்கும், துத்தநாகம் கொடுக்காது. ஒரு சனிக்கிழமை நான் வதனியின் விசா கடிதத்தை நினைத்துக்கொண்டு கடித்ததில் நாலைந்து துத்தநாகக் கட்டிகள் உள்ளே போய்விட்டன. அண்ணையும் சூட்டைக் கூட்டி வைத்திருந்தார். கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டிருந்த ஈயம் கொஞ்ச நேரத்தில் திரண்டு களியாகிவிட்டது. அந்துவான் அண்ணை கரண்டியை நட்டு வைத்துப் பார்த்தார்; அது விழவில்லை. "மிசே, கல்யாணம் ஆவற வரைக்கும் நீ குறட்டைத் தொடாத" என்றார். ஆனால் அடுத்த சனி குறட்டை என் கையில்தான் தந்தார்.

வார்ப்பது பார்க்க அழகான வேலை. அச்சில் ஊற்றி, மேலே வழிந்தது இறுகும்வரை பொறுத்து, மரக்கட்டையால் ஒரு தட்டுத் தட்டினால், குண்டு பழந்துணியில் தொப்பென்று விழும். சூடு ஆறும்வரை அது பளபளவென்று புதுப் பல்லுமாதிரி இருக்கும். அதிலே ஒரு குறை. வெறும் ஈயக் குண்டு சுடும்போது அடிப்பக்கம் சூட்டில் உருகிக் குழாய்க்குள் ஒட்டிக்கொள்ளும். ஞாயிறு முழுவதும் சுட்டுவிட்டுத் திங்கள் முழுவதும் குழாயைச் சுரண்ட வேண்டும். அதற்காகக் குண்டின் அடியில் கவ்விக்கொள்கிற சின்னச் செப்புக் கிண்ணங்கள் உண்டு. அமெரிக்காவிலிருந்து வர வேண்டும், வரும் வரும் என்று காத்திருந்து அண்ணைக்கு அலுத்துவிட்டது. நாமே செய்வோம் என்றார்.

முதலில் பியர் தகரத்தில் வெட்டிப் பார்த்தோம். பியர் தகரம் வேண்டுமென்பதற்காகப் பியரும் குடிக்க வேண்டியதாயிற்று, அதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. தகடு மெல்லியதாக இருந்ததால் கிண்ணம் லொடலொடத்துக் கழன்றது. பிறகு கூரை வேலை செய்கிற ஒருவரிடம் செப்புத் தகட்டின் வெட்டுத்துண்டுகள் வாங்கி, வட்டம் வட்டமாகக் குத்தி எடுத்து, கராஜின் கை அழுத்தி இயந்திரத்தில் குண்டோடு சேர்த்து நெரித்தோம். பத்துக்கு நாலு கோணல். முதன்முதலாகச் சரியாக இருந்த ஒன்றை அண்ணை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இதுக்கு உங்க தமிழில் என்னா சொல்வீங்க என்று கேட்டார். சாம்பல் நிற உடம்பு, இடுப்புக்குக் கீழே மட்டும் சிவப்பாக ஒரு மறைப்பு. "கோவணம்" என்றேன். அவர் சிரித்துச் சிரித்து வாளியில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர். படிக்கட்டில் கண்டால், சுற்றி எத்தனை பேர் நின்றாலும், "கோவணம் கட்டியாச்சா?" என்று கத்துவார். நாலாம் மாடியிலிருந்த யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவர் என்னோடு கதைப்பதை அதோடு நிறுத்திக்கொண்டார்.

இன்னொரு விஷயம். அந்த நாட்களில் நான் கை கழுவாமல் பாண் சாப்பிட்டிருக்கிறேன். பிறகு இரத்தம் சோதித்த டாக்டர், உமக்குள் ஈயம் இருக்கிறது என்று சொல்லி ஒரு முழம் நீளத்துக்கு ஏசினார். அதன்பின் சவர்க்காரம் போட்டு முழங்கைவரை கழுவினேன். கழுவிய கையோடு வந்தும் மெழுகு மணம் சட்டையில் வந்துவிடும். வதனி முகர்ந்து பார்ப்பாள், ஒன்றும் கேட்கமாட்டாள்.

அவள் வந்து மூன்றாம் மாதம், என் காற்சட்டையைக் கழுவ எடுத்தவளின் கையில் பொக்கெற்றிலிருந்து ஒரு குண்டு அகப்பட்டிருக்கிறது, கோவணத்தோடு. அதை அவள் என்னிடம் காட்டவில்லை. இரண்டு நாள் தேநீர் மட்டும் கொஞ்சம் பலமாக மேசையில் வைக்கப்பட்டது. நான் குளிரால் வந்த கோபம் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. அந்துவான் அண்ணையின் மனைவி லூர்து அக்கா, கை தாராளமான மனுஷி. ஃபொபூர் சேன்-தெனிக் கடைத்தெருவில் ஏதோ மலிவு விற்பனையில் ஒரு மூட்டை வாங்கிவிட்டு, எங்களுக்கும் பங்கு வைத்து அண்ணையிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். கொடுத்ததோடு நிற்காமல் வதனிக்குத் தொலைபேசியும் எடுத்திருக்கிறார். அவர் சொன்னதை வதனி பிறகு எனக்கு அப்படியே சொல்லிக் காட்டியிருக்கிறாள்: "ஏம்மா, உங்க வீட்டுக்காரர்கிட்ட ரெண்டு கிலோ ரவை குடுத்து விட்டிருக்கோம். வந்தா பத்திரமா வாங்கி வெச்சுக்க. ஈரம் பட விடாத. இன்னும் வேணும்னா கேளு, எங்க வீட்ல மூட்டையா கெடக்கு."

லூர்து அக்காவுக்கு ரவை என்றால் உப்புமா. எங்களுக்கும் உப்புமா, கேசரி எல்லாம் உண்டுதான். ஆனால் இருபத்தைந்து வருடம் ரேடியோவிலும் பேப்பரிலும் அந்தச் சொல்லை நாங்கள் அதிகம் கேட்டது துவக்குக் குண்டு என்ற கருத்தில்தான். பொக்கெற்றில் ஒன்றைக் கண்டெடுத்தவளுக்கு இரண்டு கிலோ என்றால் என்ன தோன்றும்? மூட்டை என்றால்?

நான் கதவைத் திறந்தபோது வதனி கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றாள். காலடியில் ஊரிலிருந்து கொண்டுவந்த சூட்கேஸ். ஜேர்மனியில் அவளுடைய சித்தி இருந்தார். அங்கே போவதற்குத்தான் என்று பார்த்ததுமே விளங்கிவிட்டது. என் கையில் பிளாஸ்டிக் பை.

"ரவை எங்கை?" என்றாள்.

கையில் இருப்பதைக் காட்டியிருந்தால் முடிந்த விஷயம். கள்ளமனம் விடுமா? எனக்கு முன்னால் அந்த நேரம் கேசரி தெரியவே இல்லை. "வதனி, சத்தியமா அது என்ரை இல்லை. அந்துவான் அண்ணையின்ரை. நான் வாக்கிறது மட்டுந்தான்" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். கராஜ் முற்றம், துத்தநாகம், கோவணம், பொய் ஓவர்டைம், ஒன்றையும் விடவில்லை. அவள் கதிரையில் உட்கார்ந்தாள். பையை வாங்கிப் பிரித்தாள். வெள்ளை ரவை மேசையில் கொஞ்சம் சிந்தியது. அதை விரலால் தொட்டுப் பார்த்தவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. நானும் பக்கத்தில் இருந்து அழுதேன். பயத்தில் என்று இப்போது சொல்லலாம். அவள் போய்விடுவாள் என்ற பயம்.

பிறகு கோட்டுப் பையிலிருந்து அந்தக் குண்டை எடுத்து மேசையில் வைத்தாள். "இது ஆருக்கு?"

"ஒருத்தருக்குமில்லை. கடுதாசிக்கு."

"காட்டுங்கோ. பாத்துப்போட்டுத்தான் போறதோ இருக்கிறதோ எண்டு சொல்லுவன்."

மறுநாள் நாங்கள் நாலு பேரும் கிளப்புக்குப் போனோம். அந்துவான் அண்ணை முதலில் வதனிக்குக் காதடைப்பான் எடுத்துக் கொடுத்தார். காதடைப்பான் போட்டும் முதல் வெடிக்கு வதனி என் கையை நகம் பதியப் பிடித்தாள். இரண்டாவதுக்கும் பிடித்தாள். அண்ணை ஐந்து சுட்டுவிட்டுத் துவக்கை வெறுமையாக்கி வைத்தார். சிவப்பு விளக்கு அணைந்து, போகலாம் என்று கிளப்பில் சொன்னதும் எல்லோரும் இலக்குப் பலகைக்கு நடந்தார்கள். வதனி எல்லோருக்கும் முன்னால் போனாள். கடுதாசியில் ஒவ்வொரு ஓட்டையாகச் சுண்டுவிரலை வைத்தாள். பின்னாலிருந்த மண்மேட்டையும் எட்டிப் பார்த்தாள்.

"அஞ்சும் இஞ்சைதான் இருக்கு" என்றாள்.

"ஓம்."

"எல்லாம் போய் விழுந்த இடம் தெரியுது. சுட்டது ஆர் எண்டும் தெரியுது." ஓட்டையிலிருந்து விரலை எடுத்து, "அப்பாவின்ரை விஷயத்திலை இவ்வளவும் தெரிஞ்சிருந்தாலே போதும் எண்டு இருந்தனாங்கள்" என்றாள். லூர்து அக்கா அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டார். நான் கடுதாசியைக் கழற்றிச் சுருட்டினேன். வீட்டுக்கு வந்ததும் வதனி சூட்கேஸைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, ரவையை வறுத்து வைத்தாள். அப்படியே விட்டால் பூச்சி வரும் என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருடம் சனிக்கிழமைகள் நன்றாகத்தான் போயின. வதனி முற்றத்துக்குத் தேநீர்ப் போத்தலோடு வருவாள். பக்கத்தில் நிற்காமல், காற்று வரும் பக்கமாக ஒரு டயரில் உட்கார்ந்து, "கோவணம் கோணலாக் கட்டியிருக்கிறியள்" என்று எங்களைப் பிழை பிடிப்பாள். துவக்கை அவளும் தொட்டதில்லை, நானும் இன்றுவரை தொட்டதில்லை. பிள்ளை வயிற்றில் வந்ததும் ஈயத்தின் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானும் அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

கராஜை இடித்து மாடிவீடு கட்டிவிட்டார்கள். முற்றம் இருந்த இடத்தில் இப்போது சைக்கிள் நிறுத்துகிறார்கள். அந்துவான் அண்ணையும் லூர்து அக்காவும் வெயில் வேண்டுமென்று தெற்கே கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போய்விட்டார்கள். அவருக்குக் கண் மங்கிவிட்டதாம், துவக்கை முறைப்படி ஒப்படைத்துவிட்டாராம். புதுவருடத்துக்குத் தொலைபேசி எடுத்தால் முதல் கேள்வி இன்னமும் அந்தக் கோவணக் கேள்விதான்.

சில நாட்களுக்கு முன் மகள் தமிழ்ப் பள்ளி வீட்டுப்பாடத்தோடு குசினிக்கு வந்தாள். ஒரு சொல்லுக்கு இரண்டு கருத்து எழுத வேண்டும். திங்கள், மாலை எல்லாம் எழுதிவிட்டாள். அடுத்தது ரவை. செமூல் என்று பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே ஒன்றை எழுதினாள். மற்றக் கோடு வெறுமையாக இருந்தது.

"அம்மா, இதுக்கு மற்றது என்ன?"

வதனி அடுப்பிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அது ஒண்டுதான், குஞ்சு" என்றாள்.

"செ தூ?" அவ்வளவுதானா என்று மகள் கேட்டாள்.

"ஓம். அவ்வளவுதான்."

ஆசிரியர் அந்தக் கேள்விக்கு அரைப் புள்ளிதான் போட்டிருந்தார். நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பினோம்.