தமிழ் மட்டும்

பதினெட்டு வருடமாக அங்கன்வாடி டீச்சர். பிள்ளைகளைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற திமிர் நிறையவே உண்டு. அந்தத் திமிரில் செய்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

பரமத்தி வேலூர் ரோட்டில் இருக்கும் ஒரு கோழிப்பண்ணையில் வேலை செய்யும் ஒடிசாக்காரர் ஒருவர் தன் குடும்பத்தையும் அழைத்து வந்திருந்தார். அவருடைய மூன்று வயது மகளை என்னிடம் சேர்த்தார்கள். அப்பப்பா, என்ன வாய்! முட்டை கொடுத்தால் முட்டையோடு பேச்சு, ஜன்னலில் காக்கா உட்கார்ந்தால் காக்காவோடு பேச்சு. எல்லாம் ஒடியா. எனக்கு ஒரு எழுத்தும் புரியாது.

"இதென்னுங்க டீச்சர், ரேடியோப் பொட்டியாட்டம் ஓயவே மாட்டேங்குது!" என்று சமையல் செய்யும் ஆயா சிரித்தார்.

ஒரு நாள், பிள்ளையைக் கூட்டிப்போக வந்த அம்மாவை நிறுத்திவைத்துச் சொன்னேன். "இங்க பாரு கண்ணு, ஊட்ல உங்க பாசையே பேசக்கூடாது. தமிழ் மட்டும்தான். அப்பத்தான் புள்ள நாளைக்குப் பள்ளிக்கூடத்துல தவிக்காது." எந்தப் பயிற்சியிலும் எனக்கு அப்படிச் சொல்லித்தரவில்லை. நானாக அடித்துவிட்டது. கூட வந்திருந்த புருஷன் ஒடியாவில் எடுத்துச் சொல்ல, அவள் பயபக்தியோடு தலையாட்டினாள்.

இரண்டே மாதத்தில் பிள்ளை அடங்கிவிட்டது. தமிழும் வரவில்லை, இருந்த பேச்சும் நின்றுபோனது. வேண்டியதைக் கையால் காட்டும், கிடைக்காவிட்டால் அழும். பழகிவிட்டது என்று மெச்சிக்கொண்டேன், பாவி! காது மந்தமோ என்று சந்தேகம் வந்த பிறகுதான் பண்ணைக் குடியிருப்புக்குப் போனேன்.

சாயங்காலம். அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை வந்து முந்தானையை இழுத்தது. "வா," என்றாள். தட்டை வைத்து, "சாப்பிடு," என்றாள். அதற்கப்புறம் ஒரு சத்தமில்லை. அவளுக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான்.

"உங்க பாசையிலயே பேசு கண்ணு," என்றேன்.

நான் சோதித்துப் பார்ப்பதாக நினைத்தாள்போல. பெருமையாகச் சிரித்தாள். "இல்ல டீச்சர். தமிழ் மட்டும்."

நாலைந்து வருடமாக இங்கே இருக்கும் அவள் புருஷன்தான் விளக்கினான். "நீங்க சொன்னதிலிருந்து பேசறதில்லைங்க. புள்ள பேச வந்தாலும் வாயப் பொத்திருவா. டீச்சர் நல்லதுக்குத்தான் சொல்லுவாங்கங்கிறா."

இரண்டு மாதமாக ஒரு தாயும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. காரணம் நான். வேறு யாரையும் கைகாட்ட முடியாது.

"நான் சொன்னது தப்பு சாமி. முழுத் தப்பு. அவளப் பேசச் சொல்லு," என்று கெஞ்சினேன். அவன் எடுத்துச் சொன்னான். அவள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மகளை மடியில் இழுத்து, தங்கள் மொழியில் மெதுவாக ஏதோ சொல்லத் தொடங்கினாள்.

பிள்ளை பதறிப்போய், சோற்றுக் கையாலேயே அம்மாவின் வாயைப் பொத்தியது. பொத்திக்கொண்டு, பயந்து பயந்து என்னைப் பார்த்தது.