ஸ்கேனில் தெரிந்த பஞ்சாமிர்தம்

என் மனைவிக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷனுக்கு முந்தின நாளே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். இரவு பன்னிரண்டுக்கு மேல் அவள் எதுவும் சாப்பிடக்கூடாது என்று நர்ஸ் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

"சஷ்டிக்கு ஆறு நாளும் வெறும் பாலில் இருக்கிறவன்மா நான். எனக்கே விரதம் சொல்லித் தர்றியா?"

இந்த வடநாட்டு ஆஸ்பத்திரியில் எங்களுக்கு வாய்த்த நர்ஸ் திருநெல்வேலிப் பக்கம். "விரதம் உங்களுக்கு இல்ல அண்ணாச்சி, அக்காவுக்கு" என்றாள்.

அன்று மாலை ஒரு டாக்டரம்மா படிவத்தோடு வந்தார். மயக்க மருந்து கொடுக்கும் முன் நோயாளியின் வயிறு உண்மையிலேயே காலியாக இருக்கிறதா என்று ஸ்கேன் வைத்துப் பார்க்கும் ஆராய்ச்சியாம். சேர விருப்பமா என்று இந்தியில் கேட்டார். நான் பத்தாவதோடு நிறுத்தினவன். ஆராய்ச்சி என்றதும் கூண்டும் எலியும்தான் கண்முன் வந்தன. "என் பெண்டாட்டி என்ன எலியா?" என்று நர்ஸிடம் பொங்கினேன்.

மனைவி படுத்தபடியே, "வயித்துல ஜெல் தடவிப் பாக்கப் போறாங்க, அவ்வளவுதான. பேனாவக் குடுங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

மறுநாள் மயூர் விஹாரில் உள்ள வீட்டிலிருந்து கிளம்பி முதல் மெட்ரோ பிடித்து முருகன் கோயிலுக்குப் போனேன். அபிஷேகப் பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு எட்டு மணிக்கு வார்டுக்கு வந்துவிட்டேன். பதினொரு மணிக்கு ஆபரேஷன். திரையை இழுத்துவிட்டு அவள் வாயில் ஒரு ஸ்பூன் ஊட்டினேன். டாக்டரின் கை நடுங்காமல் இருக்க இன்னொன்று. மயக்க மருந்து கொடுக்கிறவருக்காக மூன்றாவது.

சற்று நேரத்தில் நர்ஸ் வந்து, "அக்கா ஏதாவது சாப்ட்டாங்களா?" என்று கேட்டாள்.

நான் முந்திக்கொண்டேன். "பச்சத் தண்ணி கூட இல்லம்மா."

பொய் சொல்லவில்லை. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பிரசாதத்தைச் சாப்பாட்டில் சேர்த்து எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. மனைவி மட்டும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கேன் அறைக்குள் அவள் போய்ப் பத்து நிமிடம் இருக்காது, என்னைக் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா திரையில் ஏதோ திட்டுத்திட்டாகக் காட்டி, "ஆன்ட்டிக்கு என்ன கொடுத்தீங்க?" என்று இந்தியில் கேட்டார்.

"பிரசாதம்."

"அதில் என்ன இருக்கும்?"

வாழைப்பழம் என்றேன். வெல்லம், நெய், தேன், பேரீச்சம்பழம், கற்கண்டு. சொல்லச் சொல்ல எனக்கே அது டிபன் மாதிரிக் கேட்டது.

நர்ஸ் என்னைத் தனியாக அழைத்துப் போனாள். "மயக்கத்துல வயித்துல உள்ளது மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிட்டுன்னா உயிருக்கே ஆபத்து அண்ணாச்சி. ஸ்கேன் பாத்ததால தப்பிச்சாங்க."

ஆபரேஷனை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார்கள். நான் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

"வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சாமி பேரச் சொல்லி நீட்டுறீங்க. வேண்டாம்னா ஒரு வாரத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவீங்க. கல்லு வலியத் தாங்கிரலாம், அத எவ தாங்குறது?"

முருகன்மேல் பழி போடவும் வழியில்லை. ஸ்பூனைப் பிடித்தது என் கை. முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில், என் பக்தியைப் பார்த்து அவள் பயந்துகொண்டிருந்தாள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கழிப்பறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

டாக்டரம்மாவிடம், உங்கள் ஆராய்ச்சியைக் கெடுத்துவிட்டேன், இவள் பெயரை அடித்துவிடுங்கள் என்றேன். அவர் சிரித்தார். "எதுக்கு அங்கிள்ஜி? காலின்னு சொல்லிட்டு நிறைஞ்ச வயிறோட எத்தனை பேர் வர்றாங்கன்னுதானே நாங்க பார்க்கறோம்." ஆக, படிவத்தில் என்னைப் போன்றவர்களுக்கென்றே ஒரு கட்டம் காத்திருந்திருக்கிறது.

மறுநாள் காலை நர்ஸ் என் பையை வாங்கிச் சோதித்தாள். விபூதிப் பொட்டலத்தை மட்டும் திருப்பித் தந்து, "நெத்தியில மட்டும்" என்றாள். ஸ்கேனில் வயிறு காலி. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

மதியம் மனைவி கண் திறந்தாள். நெற்றியில் கைவைக்கலாம் என்று குனிந்தேன். அவள் வாயை இறுக்க மூடிக்கொண்டாள்.