அக்கா சொன்ன ‘பரவால்ல’

என் வீட்டுப் போர்ச்சில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடக்கிறது. ஒரு காலத்தில் நல்ல சிவப்பு. இப்போது வெயில் தின்று, வெளுத்த ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டது. ஒரு காலில் சைக்கிள் சங்கிலி உரசிய வடு வளையம்போல் ஓடுகிறது. காலையில் செருப்பு மாட்டிக்கொள்ள அதன்மேல்தான் உட்காருகிறேன். உட்காரும்போதெல்லாம், அது என்னுடையது அல்ல என்ற நினைப்பு வராமல் இருப்பதில்லை.

அது அக்காவுடையது. உடன்பிறந்தவர் அல்ல, மலாக்காவை ஒட்டிய செங் என்ற ஊரில், எங்கள் தாமான் குடியிருப்பின் பின்வரிசை வீடொன்றில் மகனோடு குடியிருந்தவர். ரெம்பியா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டம் விற்கப்பட்டபின், இங்கே தொழிற்சாலையில் வேலை பார்த்த மகன் அழைத்துக்கொண்டான். என்னைவிடச் சில வயது மூத்தவர். நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் தாமானில் எல்லாருக்கும் ‘கோர்ட் சார்’. அவருக்கு மட்டும் ‘தம்பி’.

அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டிருந்தன. ஒருநாள் விட்டு ஒருநாள் மலாக்கா டவுனுக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். மகனுக்கு ஷிப்ட் வேலை. பஸ்தான் கதி. நிறுத்தம் அப்போது என் வீட்டு வாசலையொட்டி இருந்தது. ஒரு கம்பம், அதில் ஒரு பலகை, அவ்வளவுதான். கூரை இல்லை, உட்கார ஒன்றும் இல்லை. பஸ் எப்போது வரும் என்பது அதை ஓட்டுகிறவருக்கே தெரியுமா என்பது சந்தேகம். நின்று நின்று கால் வீங்கிப்போன அக்கா, ஒருநாள் பாசாரில் அந்த ஸ்டூலை வாங்கி வந்து, பழைய சைக்கிள் சங்கிலியால் கம்பத்தோடு பூட்டிவிட்டு, ராணி மாதிரி உட்கார்ந்தார்.

“கிளம்பிட்டீங்களாக்கா?” என்று கேட்டுக்கொண்டே நான் வாசல் கதவைத் திறப்பேன்.

“ஆமா தம்பி. துணியத் தொவைக்கிற மாதிரி ரத்தத்தத் தொவைச்சு அனுப்புறாங்க. அயர்ன் மட்டும்தான் போட மாட்டேங்குறாங்க.”

சிரிப்பேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு அந்த நிறுத்தத்தின் மேல் எரிச்சல் இருந்தது. பள்ளிப் பிள்ளைகளும் தொழிற்சாலைப் பெண்களும் வெளிநாட்டுத் தொழிலாளிகளும் என் வேலியில் சாய்ந்து நிற்பார்கள். கச்சான் கடலைத் தோலும் குடித்து முடித்த தேத்தண்ணிப் பைகளும் என் பூந்தொட்டிகளில் கிடக்கும். பஸ் உறுமிக்கொண்டு நிற்கும்போது டீசல் புகை முன்னறைவரை வரும். காரை வெளியே எடுக்க ஹாரன் அடிக்க வேண்டும். நிறுத்தத்தை வேறெங்காவது மாற்றினால் நல்லது என்று தாமான் சங்கத் தலைவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். இதை முதலில் ஒப்புக்கொண்டால்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொது மண்டபத்தில் கூட்டம் நடந்தது. அடைத்த கால்வாய், ஒரு மழைக்கே முழங்கால்வரை ஏறும் தண்ணீர், எரியாத தெருவிளக்கு, எடுக்காத குப்பை என்று ஆளுக்கொன்று பேசினார்கள். கடைசியில் பஸ் வந்தது. பேச்சில்தான். அதிகாரி இளைஞர், மரியாதையான மலாய்க்காரர். பஸ் இனித் தாமானுக்குள் வளைந்து வராது என்றார். பெரிய சாலைக்கு அந்தப் பக்கம், புதிய கடைவரிசைக்கு முன்னால், கூரையும் பெஞ்சும் உள்ள நிறுத்தம் வரும், சாலையைக் கடக்க ஏற்கெனவே மேம்பாலம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தினம் பஸ் ஏறுகிறவர்கள் கருத்தைச் சொல்லட்டும் என்றார். அதை அவர் உண்மையாகவே கேட்டார்.

“அக்கா, நீங்கதானே ரெகுலர் கஸ்டமர்! எந்திரிச்சு சொல்லுங்கலா!” என்றார் தலைவர்.

அக்கா எழுந்தார். சந்தையில் மீன் பேரம் பேசும் அளவுக்கு அவருக்கு மலாய் வரும். மடிப்புக் கலையாத சட்டை போட்ட அதிகாரிக்கு முன்னால் வரவில்லை. “நான் தமிழ்லயே சொல்றேன். தம்பி எடுத்துச் சொல்லட்டும்” என்று என்னைப் பார்த்தார். ஊசி குத்திக் குத்திப் புடைத்த கையைத் துண்டால் மூடிக்கொண்டார்.

“பாலம் ஏறணும்… லாரி போற ரோடு வேற…” என்று தொடங்கி, மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். “சரி, எல்லாருக்கும் நல்லதுன்னா… பரவால்ல.”

நான் அதிகாரியிடம் திரும்பிச் சொன்னேன்: “தா ஆப்பா.”

பாதகமில்லை என்பதற்கு மலாயில் அதுதான் நேர்ச்சொல். அகராதி வைத்துப் பார்த்தால் என்மேல் குற்றமில்லை. மண்டபத்தில் இருந்த தமிழர் எல்லாருக்கும் மலாய் தெரியும், ஒருவருக்கும் உறுத்தவில்லை. அக்காவே அதைக் கேட்டுத் தலையாட்டினார். பாலத்தையும் லாரியையும் நான் விட்டுவிட்டேன். அதிகாரி சிரித்து, எழுதிக்கொண்டார்.

ஆனால் எனக்குத் தெரியும். நீதிமன்றத்தில் ஒருமுறை, கணவன் அடித்த வழக்கில் ஒரு தோட்டத்துப் பெண்ணிடம், இப்போது வலி எப்படியிருக்கிறது என்று மாஜிஸ்திரேட் கேட்டார். “பரவால்லங்க” என்றாள். நான் அதை அப்படியே பெயர்க்காமல் அனுமதி கேட்டு நின்றேன். ‘ஐயா, எங்கள் பெண்கள் வலி இல்லாதபோது இதைச் சொல்வதில்லை, வலியைச் சொல்ல வழியில்லாதபோது சொல்கிறார்கள்’ என்றேன். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி கேட்டார். அன்றைக்கு அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சம்பளத்துக்கு வேலை பார்த்த இடத்தில் எனக்கு இருந்த கவனம், என் வாசல் சுத்தமாகும் என்ற ஆசை இருந்த இடத்தில் இல்லாமல் போயிற்று.

நிறுத்தம் மாறியது. வாசல் சுத்தமானது. வெறும் கம்பமும் ஸ்டூலும் மட்டும் மிஞ்சின. என் வீடு மூலை வீடு. மாடி ஜன்னலில் நின்றால் பெரிய சாலை தெரியும். பாலத்தின் படிகளை அக்கா முதல் வாரம் ஏறிப் பார்த்தார். பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு ஏறவில்லை. கீழே சாலை ஓரத்தில், ஒரு கையில் குடை, மறு கையை லாரிகளை நோக்கி நீட்டியபடி இடைவெளிக்குக் காத்து நிற்பார். சில நாள் கடந்துவிடுவார். சில நாள் நீட்டிய கையை மெல்ல இறக்கிக்கொண்டு, வீட்டுக்குத் திரும்பி நடப்பார்.

நான் அதை ஜன்னலில் நின்று பார்த்தேன். கீழே என் கார் நின்றது.

ஒரே ஒரு தடவை கேட்டேன். முகம் உப்பி, கண்கள் சிறுத்து, திரும்பி வந்துகொண்டிருந்தார். “போகலையாக்கா? நான் வேணும்னா கார்ல விடட்டுமா?”

“பரவால்ல தம்பி. ஒங்களுக்கு எதுக்குச் செரமம்? நாளான்னிக்குப் போய்க்கிறேன்.”

‘வேணும்னா’ என்று கேட்டேனே, அந்த ஒரு சொல்லிலேயே அவருக்கு என் மனம் தெரிந்திருக்கும். அவர் சொல்லை நான் மறுபடியும் அகராதிப்படியே எடுத்துக்கொண்டேன்.

நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை அக்கா போய்விட்டார். எத்தனை தடவை ரத்தம் கழுவாமல் விட்டார் என்பது மகனுக்கே ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. கருமாதியன்று அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அந்தப் பக்கம் ஸ்டாப் வச்சதுலேருந்துதான் சார் கஷ்டம். ஆனா அம்மாவே மீட்டிங்ல ஓகேன்னு சொல்லிட்டாங்களாமே” என்றான். குற்றம் சொல்லவில்லை, வருத்தம்தான். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். “ஆமாப்பா” என்றேன். அவன் வீட்டைக் காலி செய்து போனபின், சங்கிலியை வெட்டி ஸ்டூலை உள்ளே கொண்டுவந்தேன்.

இப்போது எனக்குக் கண்ணில் நரம்புக் கோளாறு. கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி இல்லை, மகன் சிங்கப்பூரில். கண் கிளினிக் டவுனில் இருக்கிறது. போன மாதம் அதே மண்டபத்தில் மறுபடி கூட்டம். அதே கால்வாய், அதே தண்ணீர். சாலையில் மட்டும் லாரிகள் கூடிவிட்டன. புதிய அதிகாரி ஒரு பெண். பஸ் நிறுத்தம் பேச்சில் வந்ததும் என்னைப் பார்த்து, “பாக்சிக், ஓகே கே?” என்று, பெரியவரே, உங்களுக்குச் சரிதானா என்ற பொருளில் கேட்டார். ‘தா ஆப்பா’ நாக்கு நுனிவரை வந்தது. எழுந்து, முடியவில்லை என்றேன். பாலம் ஏற முடியவில்லை, சாலையைக் கடக்கப் பயமாக இருக்கிறது, நிறுத்தத்தைத் திரும்ப இந்தப் பக்கம் கொண்டுவாருங்கள் என்று நல்ல மலாயில், ஒரு சொல் விடாமல் சொன்னேன். பரிசீலிப்பதாகச் சொன்னார். எனக்காக அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை.

நேற்றுக் காலை கிளினிக் போக வேண்டியிருந்தது. நிற்கக் காலில் வலுவில்லாததால் ஸ்டூலையும் கையில் எடுத்துக்கொண்டேன். சாலை ஓரத்தில், அக்கா நின்ற இடத்தில் நின்றேன். லாரிகள் உருவமாகத் தெரியவில்லை, சத்தமாகத்தான் தெரிந்தன. எது கிட்டத்தில், எது தூரத்தில் என்று பிரிக்க முடியவில்லை. கையை நீட்டினேன். இறக்கினேன். ஸ்டூலை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன். ஒரு கார் மெதுவாகி, கண்ணாடி இறங்கியது. சங்கத் தலைவர்.

“என்னா சார், ஸ்டூலோட? ஊர்வலமா? கடக்கணுமா, நான் ஏத்திக்கவா?”

“பரவால்ல லா, நீங்க போங்க” என்றேன்.

எப்படி வந்தது அந்தச் சொல் என்று இன்னும் தெரியவில்லை. அவர் கையசைத்துவிட்டுப் போய்விட்டார். நான் ஸ்டூலைச் சாலை ஓரத்தில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். எதிர்ப்பக்கம் பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து, கிளம்பிய சத்தமும் கேட்டது.