ஒரே ஃபோல்டர், இரண்டு ஊர்

போன வாரம் ஆபீஸில் ஒரு ஃபோல்டரைத் திறந்தேன். காலி.

செம்பூரில் என் ஆபீஸ் லேப்டாப், தாராவியில் எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர் – இரண்டிலும் அந்த ஃபோல்டர் ஒன்றேதான். அங்கே ஒன்றைப் போட்டால் இங்கேயும் வந்துவிடும். நானே செய்துவைத்த ஏற்பாடு. அதில் பெருமை வேறு எனக்கு.

உள்ளே இருந்தவை அப்பா பெயரிலுள்ள பழைய கரண்ட் பில், ரேஷன் கார்டு எல்லாவற்றின் ஸ்கேன்கள். அசல்களை மழைத்தண்ணீர் கூழாக்கிவிட்டது. இத்தனை வருடம் இங்கேதான் இருந்தோம் என்று காட்டினால்தான் தாராவியை இடித்துவிட்டு அரசு தரும் புது வீட்டுக்கான லிஸ்டில் பெயர் வரும். அன்று மாலை ஐந்து மணிக்குள் அப்லோட் செய்தாக வேண்டும். வீட்டில் முதலில் படித்தவன் என்பதால் காகித வேலையெல்லாம் என் தலையில்.

அழித்தவை போய்ச் சேரும் ரீசைக்கிள் பின்னிலும், லேப்டாப்பில் ஒன்றுமில்லை. மணி மூன்று. தங்கை செல்விக்குப் போன் போட்டேன்.

கம்ப்யூட்டரில் இடமே இல்லையாம். காலேஜ் ப்ராஜெக்ட் சேவ் ஆகவில்லையாம்.

"ஒன் ஆபீஸ்ல ஒண்ணு இருக்குல்லா... இங்க எதுக்கு இன்னொண்ணுன்னு எடுத்துட்டேன்."

கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள்... பத்துக்குப் பதினைந்து அடியில் ஐந்து பேர் வாழும் வீட்டில் வளர்ந்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும்? புது குக்கர் வந்தால் பழையது அன்றைக்கே அத்தை வீட்டுக்குப் போய்விடும். எங்களிடம் எதற்கும் இரண்டாவது கிடையாது. அங்கே அழித்தால் இங்கேயும் அழியும் என்று அவளிடம் சொல்லாதவன் நான்தானே?

ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டாயா என்று கேட்டேன்.

"பண்ணத்தான் போனேன். என்னட்டி செய்தன்னு அம்மா கேட்டா. குப்பையக் கொட்டுதேன்னேன். வெள்ளிக்கெழம அதுவுமா வீட்டுக் குப்பைய வெளிய கொட்டுவியான்னு ஏசிட்டா. நாளைக்குப் பாப்போம்னு விட்டுட்டேன்."

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். எதை அமுக்க வேண்டும் என்று போனிலேயே சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் கரண்ட் பில்கள் ஒவ்வொன்றாகச் செம்பூருக்கு வந்து சேர்ந்தன. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அப்லோட் முடிந்தது.

மறுநாள் காலை நான் ஆபீஸுக்கு வந்த பிறகு செல்வியே போன் செய்தாள். இப்போது குப்பையைக் கொட்டலாமா என்று கேட்டாள்.

என்னை எதற்குக் கேட்கிறாய், அம்மாவைக் கேள் என்றேன்.